வாரேனுங்க அண்ணனும் வராத விமானமும்

பதிவு செய்து வைத்த குரலுக்கு மரியாதையாக விடைசொல்லிவிட்டுப் போனை வைத்த மனிதர், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் 'வாரேனுங்க' அண்ணன் ஒருவர்தான். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்று அந்தப் பெண்குரல் சொல்லும். "அப்படிங்களா அம்மணி, பேசட்டுமுங்க, நமக்கொண்ணும் அவசரமில்லை. வாரேனுங்க" என்பார் அண்ணன். அதற்குள் குரல் அதையே இங்கிலீஷில் ஆரம்பித்துவிடும். "பரவாயில்லீங்க, தமிழ்லயே வெளங்கிருச்சுங்க" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லி, மறுபடி ஒரு "வாரேனுங்க" போட்டுத்தான் வைப்பார்.

காந்திபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் இருந்தது. கீழே அண்ணனின் மோட்டார் காயில் கட்டும் கடை. தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்துபோய் வந்தால் பழைய கம்பியை உரித்தெறிந்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். கடைப் பலகையில் அவருடைய பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். அதன்மேல் வார்னிஷ் புகை படிந்து பல வருஷம் ஆகியிருந்ததால் டிக்கெட்டுக்காக அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும்வரை எனக்கு அது தெரியாது.

எங்கள் பக்கத்தில் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அது அபசகுனம். போகிறவனும் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அண்ணனுக்கு அது போதாது. நாற்காலியை விட்டு எழும்போது ஒன்று, வாசலில் ஒன்று, மூன்றாம் படியில் நின்று அண்ணாந்து பார்த்து ஒன்று. பணம் எடுக்கும் மெஷினிடம் அவர் விடைபெற்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எழவு வீட்டில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அண்ணனுக்கோ சொல்லாமல் கிளம்பத் தெரியாது. அதனால் அங்கே போனால் மாட்டிக்கொள்வார். ஒருமுறை அவிநாசியில் ஒரு துக்கத்துக்குப் போய், பந்தல்காரன் பந்தலைப் பிரித்து இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கேட்ட பிறகுதான் ஊர் திரும்பினார்.

அண்ணன் வீடு சின்னியம்பாளையத்தில், விமான நிலையத்தின் சுவருக்கு அந்தப் பக்கம். முப்பது வருஷமாக ஒவ்வொரு விமானமும் அவர் மனைவியின் தலைக்கு மேலேதான் ஏறிப் போனது. துணி உலர்த்திக்கொண்டிருந்தால் துணியோடு, மாவு ஆட்டிக்கொண்டிருந்தால் மாவுக் கையோடு வெளியே வந்து அக்கா அண்ணாந்து பார்ப்பார். ஏறியதுதான் கிடையாது. மகன் படிப்புக் கடன் முடிந்த மாதம், அண்ணன் மாடியேறி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, எங்கூட்டு அம்மணிய ஒருக்கா ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போவோணும். அது அங்கிருந்து நம்மூட்டப் பாக்கோணுமாம்."

"சிங்கப்பூர் போங்கண்ணா. அஞ்சு நாள் டூர், சாப்பாடு எல்லாம் சேத்தி."

"சிங்கப்பூரு எப்படியோ இருந்துட்டுப் போவுதுங்க. ஜன்னலோரம் கெடைக்குமுங்களா?"

சென்னையில் இருந்த பெரிய டூர் கம்பெனி ஒன்றில் இரண்டு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். கையோடு பயண இன்சூரன்சும் எடுக்க வைத்தேன். "தைரியமாப் போடுங்கண்ணா, கால் சுளுக்குனாக்கூட பணம் வரும்" என்று அளந்தேன். அதில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொரோனா கிளம்பியது. டூர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் எல்லோரையும் கூப்பிட்டு, வருகிறீர்களா, ரத்து செய்கிறீர்களா என்று கேட்டாள். அண்ணன் கடையில் போன் அடித்தபோது நானும் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "இந்த நோய் நொடில எங்கீங்க போறது, விட்டுப்போடலாமுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னார். பிறகு அவள் ஏதோ கேட்டாள். "அதானுங்க சொன்னேன். சரிங்க அம்மணி, வாரேனுங்க. வாரேனுங்க. வாரேனுங்க" என்று வைத்தார். எனக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே.

அடுத்த வாரம் விமானமெல்லாம் நின்றுபோனது. முன்கூட்டியே ரத்து செய்தவர்களுக்கு முழுப்பணமும் திரும்பி வந்தது. அண்ணனுக்கு ஒரு கூப்பன் வந்தது. ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பயணம் செய்யலாமாம். எந்த விமானமும் பறக்காத வருஷத்தில்!

நான் கம்பெனியைக் கூப்பிட்டேன். "சார், கஸ்டமர் வர்றேன்னு சொல்லியிருக்காரு சார். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ரெக்கார்டு இருக்கு சார்" என்றான் ஒரு பையன். அவள் கடைசியாகக் கேட்ட கேள்வி, "அப்ப வர்றீங்களா, வரலையா சார்?" என்பதாம். அதற்கு மேல் நான் விளக்க விளக்க, ஏதோ வெளிநாட்டு மொழிக்கு அர்த்தம் சொல்வதுபோல் சந்தேகமாகவே கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அண்ணனும் அவ்வப்போது அங்கே கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார், பலனில்லை.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அந்தப் புத்தகத்தைப் பிரித்தோம். செம்புக்கம்பியின் கனம் பார்க்கும் பூதக்கண்ணாடியால் அண்ணன் வரி வரியாகப் படித்தார். பெட்டி தொலைந்தால் பணம் உண்டு. பாஸ்போர்ட் தொலைந்தால் உண்டு. கொள்ளைநோயால் பயணமே தொலைந்தால் மட்டும் கிடையாது என்று கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணனோ உற்சாகமாகிவிட்டார்.

"தம்பி, இங்க பாருங்க. பிளைட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டானா காசு உண்டுன்னு போட்டிருக்குதுங்க. நம்ம பிளைட்டு ஏழு மாசமா லேட்டுங்களே!"

விட்டாரா? இன்சூரன்ஸ்காரர்களுக்கு அவரே போன் போட்டார். பயணி விமான நிலையத்தில் காத்திருந்தால்தான் அது தாமதமாகும் என்று அங்கே ஒரு அம்மாள் பதில் சொன்னாள்.

"காத்துட்டுத்தானுங்க இருக்கறோம். ஏர்போர்ட்டுக்கும் எங்கூட்டுக்கும் நடுவால ஒரு செவுருதானுங்க. அந்தப் பக்கம் கேட்டைப் பூட்டிப்போட்டாங்க, அதனால இந்தப் பக்கம் நிக்கறோம்."

அந்த அம்மாள் சிரித்தாளே தவிர பணம் தரவில்லை. அவளுக்கும் மூன்று "வாரேனுங்க" கிடைத்தது.

இதற்கிடையில் எங்கள் முதலாளி டிராவல்ஸைப் பூட்டிவிட்டார். நாடே வீட்டுக்குள் இருக்கும்போது டிக்கெட் யாருக்கு விற்பது? சாவியை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கி வந்த என்னை அண்ணன் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இங்க உக்காருங்க தம்பி. போன் வந்தா எடுத்துப் பேசுங்க. நான் பேசுனா வெக்கறதுக்கு நேரமாவுதுங்க" என்றார். எட்டு மாதம் அந்த ஸ்டூல்தான் எனக்குச் சோறு போட்டது. என் பேச்சைக் கேட்டு இன்சூரன்ஸ் எடுத்து ஏமாந்த மனிதர், ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கூப்பன் காலாவதியாக ஒரே வாரம் இருந்தபோது அக்கா கடைக்கு வந்தார். மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை மேஜைமேல் வைத்துவிட்டு, "போனாப் போகட்டும் விடுங்க தம்பி. அண்ணாந்து பாத்தாலே போதுமுங்க. கழுத்து அதுக்குப் பழகிப்போச்சு" என்றார். அண்ணன் கையிலிருந்த மோட்டாரில் கம்பியைத் தாறுமாறாகச் சுற்றினார். அவர் தப்பாகச் சுற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதைப் பார்த்தபின் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியைக் கூப்பிட்டு, பெரிய அதிகாரி வந்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு மேனேஜர் லைனில் வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தேன்.

"சார், நீங்களே வாய் தொறந்து வர்றேன்னு சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசுனா நாங்க என்ன சார் பண்றது?" என்றார் மேனேஜர்.

"மாத்தியெல்லாம் பேசலீங்க. சரி, உங்களுக்கும் வேல இருக்கும். வாரேனுங்க" என்றார் அண்ணன், போரே நடந்தாலும் மரியாதை தவறக்கூடாது என்று.

"எங்க சார் வர்றீங்க? ஆபீசுக்கா? இப்ப யாரையும் உள்ள விடறதில்ல சார்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"எங்கியும் வரலீங்க. போனை வெக்கறனுங்க, அதுக்குத்தான் வாரேன்னு சொன்னேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "சார், இவரு உங்க கம்பெனிக்கு இந்த வருஷத்துல எத்தனை தடவ பேசியிருக்காரு? எல்லா ரெக்கார்டோட கடைசியையும் போட்டுக் கேளுங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு தடவ வாரேன்னு சொல்லியிருப்பாரு. ஒரு தடவையாச்சும் உங்க ஆபீசுக்கு வந்தாரா?"

இரண்டு நாள் கழித்து மேனேஜரே கூப்பிட்டார். பதினான்கு பதிவுகளாம், உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றில் அண்ணன் அவர்களுடைய காத்திருப்பு இசையிடமும் விடைபெற்றிருந்தாராம். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்ததாம். முழுப்பணமும் வந்து சேர்ந்தது. அந்தத் தெருவில் அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு.

விமானங்கள் மறுபடி பறந்து, எங்கள் டிராவல்ஸும் திறந்து, நானும் மாடிக்குப் போன பிறகு அண்ணன் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதே சிங்கப்பூர், அதே ஜன்னலோரம். கடைசியில், "அந்த இன்சூரன்சையும் போட்டுப்போடுங்க" என்றார்.

"எதுக்குண்ணா? அதுதான் ஆபத்துக்கு உதவலயே!"

"உங்களுக்குக் கமிஷன் வருமில்லீங்க தம்பி" என்றார் சாதாரணமாக. அத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

கிளம்பும் நாளில் என்னை வீட்டுக்கு வரச் சொல்லி, மாடிச் சாவியையும் அக்காவின் சிவப்புச் சேலை ஒன்றையும் கையில் கொடுத்தார். மேலேயிருந்து பார்த்தால் வீடு அடையாளம் தெரிய வேண்டுமாம். காலை பத்து மணி வெயிலில் மொட்டைமாடியில் நான் இரண்டு கையாலும் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க, கட்டறதுக்குக் கயிறு இல்லீங்களா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் பரிதாபமாகக் கேட்டார். அதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது. நாலு எண்ணுவதற்குள் போயும் விட்டது.

திரும்பி வந்ததும் இரண்டு பேரும் மாடியேறி வந்தார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாத்துப்போட்டனுங்க தம்பி! நம்மூடேதான்! அந்தப் பச்சைச் சீலை பளிச்சுனு தெரிஞ்சுதுங்க. நீங்க கையக்கூட ஆட்டுனீங்க!"

நான் பிடித்திருந்தது சிவப்புச் சேலை. ஆட்டுவதற்கு எனக்கு மூன்றாவது கையும் கிடையாது. சேலையை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன், அவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமாங்கக்கா, ரொம்ப நேரம் ஆட்டுனேன்" என்றேன்.

அண்ணன் எழுந்தார். நாற்காலியருகே ஒரு "வாரேனுங்க", வாசலில் ஒரு "வாரேனுங்க", மூன்றாம் படியில் நின்று அண்ணாந்து பார்த்து ஒரு "வாரேனுங்க". அன்றைக்கு மட்டும், நாலாவதாக ஒன்று சொல்ல மாட்டாரா என்று நான் படி முனையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.