பச்சை விரிப்பும் பலாப்பிசினும்

குணசேகரன் ஷட்டில் கோர்ட்டின் நடுவில் குப்புறப் படுத்து, விரிப்பின் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கட்டைவிரலே உள்ளே போனது.

"போச்சு! எம் பொழப்பே போச்சு!" என்றான்.

நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளி ஜீவானந்தம் கொல்லிமலையில் கட்டிய பங்களா அது. முன்னால் மிளகுக்கொடி, பின்னால் ஷட்டில் கோர்ட்டு. சிமெண்ட் தரைமேல் பச்சை ரப்பர் விரிப்பைப் பாய் பாயாக ஒட்டியிருந்தார்கள். மழையும் பனியும் சேர்ந்து, பாய்க்குப் பாய் ஒட்டு விட்டு, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அங்கே காவல் வேலை பார்க்கும் குணசேகரன் இத்தனை நாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டால் வேலை வந்துவிடுமே!

இன்று காலையில் முதலாளியே போன் செய்துவிட்டார். டவர் விட்டு விட்டு வந்தது.

"குணசேகரா, சாயந்தரம் எம் பொண்ணு வித்யாஸ்ரீக்கு நிச்சயம், அங்கதான். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. கோட்டு தையல் விட்டுக் கெடந்துச்சே, செஞ்சு வெச்சுட்டியா?"

"இதா... செஞ்சுட்டே இருக்கறனுங்க!"

"நான் வந்து எறங்கறப்ப அது சரியா இல்லீன்னா, சாவியக் குடுத்துப்போட்டு பேளுக்குறிச்சிக்கு பஸ் ஏறிக்க!"

அதோடு டவர் போனது. திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

பேளுக்குறிச்சி அவனுடைய மாமனார் ஊர். "நான் மலைமேல பங்களாவாசி" என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டு வந்தவன், சட்டி பானையோடு அதே மச்சான் வாசலில் போய் நிற்பதா?

"ஏனுங்க, ஒட்டு விட்டதப் போய்த் தையலுங்கறாரு?" என்று கேட்டாள் மனைவி ராஜேஸ்வரி.

"பெரிய மனுசங்க அப்படித்தான் பேசுவாங்க. உனக்கென்ன தெரியும்? போயி கோணி ஊசிய எடுத்தா!"

தையல் என்று அவர் சொன்ன பிறகு தைப்பதுதானே மரியாதை? சணலைக் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தான். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் விட்டது. அந்தப் பக்கம் இழுத்தால் நடுவில் புடைத்துக்கொண்டது. கடைசியில் விரிப்பு மொத்தமும் நடுவில் கூடி, எருமை படுத்த மாதிரி எழும்பி நின்றது.

"பந்தடிக்கற எடத்துல எதுக்குங்க கரட்டக் கட்டி வெச்சிருக்கறீங்க?"

குணசேகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடிப்போய் அந்த மேட்டின்மேல் குதித்தான். மேடு அமுங்கியது. ஆனால் போட்ட தையல் அத்தனையும் பட்பட்டென்று அறுந்து, ஊசி போன ஓட்டையெல்லாம் கிழிந்து, பிளவுக்குள் இப்போது காலே போனது.

அடுத்து, கொட்டகையில் கிடந்த பசை டப்பாவைக் கவிழ்த்தான். தரையில் ஈரம். பசை கூழாக ஓடியது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு காலை வைத்தவன், சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய் வலைக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தான்.

"பேசாம பலாப்பிசின ஊத்துங்க. கையில பட்டாலே ஒரு வாரத்துக்குப் போகமாட்டீங்குதே!"

இது வேலைக்கு ஆகிற யோசனையாக இருந்தது. தரையைத் துடைத்துக் காயவைத்து, பலாப்பிசினைச் சட்டியில் காய்ச்சிப் பிளவு நெடுக ஊற்றினான். ஒட்டியது, சும்மா சொல்லக்கூடாது. செருப்பு ஒட்டியது. விளக்குமாறு ஒட்டியது. வேடிக்கை பார்க்க வந்த ராஜேஸ்வரியின் கோழி, பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக ஒட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியது. விரிப்பு மட்டும் ஒட்டவில்லை.

"அடப்பாவி மனுசா, எங் கோழிய!" ராஜேஸ்வரி தேங்காயெண்ணெயைத் தடவி அதைப் பிடுங்கி எடுத்தாள். "ஓட்டையில ஊத்துனா அது பாட்டுக்குக் கீழ போயிருமுங்க. அடியில கெட்டித் துணி வெச்சு, அதுமேல ரெண்டு ஓரத்தையும் ஒட்டோணும்."

"கெட்டித் துணிக்கு எங்க போறது? என்ற வேட்டியையா கிழிக்கறது?"

அவள் கோழியோடு பங்களாவுக்குள் போனாள். திரும்பி வரும்போது கை நிறையக் கறுப்புத் துணியைப் பட்டை பட்டையாகக் கத்தரித்துக் கொண்டு வந்தாள்.

"உள்ள பழசு ஒண்ணு கெடந்துச்சுங்க. அங்கங்க விட்டுப்போனதுதான்."

குணசேகரன் தடவிப் பார்த்தான். ஒரு பக்கம் கம்பளி மாதிரி, மறுபக்கம் வழவழவென்று இருந்தது.

"பெரிய மனுசங்க ஊட்டுல கந்தத் துணி கூட எப்படி இருக்குது பாரு!" என்று வாய் பிளந்தான்.

பட்டையைப் பரப்பி, பிசினைத் தடவி, இரண்டு ஓரத்தையும் அழுத்தி, மேலே அம்மிக்குழவியை உருட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒட்டிய இடமே தெரியவில்லை. குணசேகரன் ஏறிக் குதித்தான். ராஜேஸ்வரியும் குதித்தாள். கோழி மட்டும் தூரமாகவே நின்றது.

"உங்கண்ணங்கிட்டச் சொல்லிப் போடு, நான் இப்போதைக்குக் கீழ எறங்கறதா இல்ல!" என்றான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி இறங்கவில்லை. டிரைவர் செங்கோடன் மட்டும் ஓட்டமாக ஓடிவந்தான். குணசேகரன் அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனான்.

"ஏறிக் குதி செங்கோடா! நல்லாக் குதி! எங்கியாச்சும் பிரியுதா பாரு!"

ஒன்றும் புரியாமல் செங்கோடன் இரண்டு தரம் குதித்தான்.

"நல்லாத்தானுங்கண்ணா இருக்குது."

"அப்ப ஐயாவ எறங்கி வந்து பாக்கச் சொல்லு!"

"எப்படீங்கண்ணா எறங்குவாரு? சம்பந்தி வாரதுக்குள்ள மாட்டிக்கோணுமாமா, பீரோவுல தொங்குற கறுப்புக் கோட்ட வாங்கியாரச் சொன்னாரு. தெச்சு வெச்சுட்டீங்களாமா?"