ஏழு பாடபேதங்களும் ஒரு கீழறையும்

எங்கள் வீட்டுக் கீழறையை உயிருள்ளவரை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு நாள் காலை நான் உறுதி பூண்டேன். பூண்டபோது கீழறைக்குள்தான் இருந்தேன். கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. மனைவி வெளிப்புறம் நின்றிருந்தாள். ஓர் ஆண்மகன் உறுதி பூணுவதற்கு இதைவிட உகந்த சூழல் கிடையாது.

சிக்கல் எளிமையானது. என் மனைவி வெர்லா, துருத்தியை இழுத்து அமுக்கி வாசிக்கும் அக்கார்டியன் வாசிப்பவள். அவளும் அவளையொத்த ஐந்து பெண்மணிகளும் லூத்தரன் தேவாலயக் கூடத்தில் வாரந்தோறும் கூடிப் போல்கா என்னும் துள்ளல் நடன இசை வாசித்து வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. விரல் விறைத்தால் போல்கா ஒப்பாரியாகிவிடும் என்றாள் வெர்லா. எங்கள் ரசீன் நகரத்தில் வெதுவெதுப்பாகவும் விசாலமாகவும் தெருவுக்கு ஓசை போகாமலும் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் என்பதும் அவள் ஆராய்ந்து கண்ட முடிவு. அந்த இடத்தில் என் இசைத்தட்டுகள் இருந்தன.

நான் சேர்ப்பது பவர் பாப் என்னும் பாட்டுவகைத் தட்டுகள். அதிலும் உலகறிந்த பெயர் எதையும் தொடமாட்டேன். உலகறிந்ததை உலகம் பார்த்துக்கொள்ளும். ஊருக்கு நான்கு பையன்கள், கழுத்தில் ஒல்லியான டை, மணி அடிப்பதுபோல் கிடார், தொலைபேசியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாத ஒரு பெண். பாட்டுக்கு மூன்று நிமிடம். அவள் மட்டும் கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கலையே தோன்றியிருக்காது.

அவர்களுள் என் நெஞ்சில் வீற்றிருப்பவர்கள் எங்கள் ஊரின் ‘டியூஸ்டே ஹேர்கட்ஸ்’ குழுவினர். எழுபதுகளின் கடைசியில் ஒரே ஓர் ஆல்பம் போட்டார்கள். அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு உறவுமுறை. பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். சென்ற ஆண்டு, குழுவில் ஒருவனுடைய தங்கை வீட்டுக் கார் கொட்டகையில், இறைச்சி உறைபெட்டிக்குப் பின்னால், மூல ஒலிநாடா அகப்பட்டது. ஒரு சிறு நிறுவனம் அதைத் துடைத்துப் புதுத்தட்டாக வெளியிட்டது. முதல் அச்சு, இரண்டாம் அச்சு, சோதனை அச்சு, வானொலிக்காரர்களுக்குக் கொடுத்தது, கனடா, ஹாலந்து என்று ஆறு பிரதிகள் ஏற்கெனவே என்னிடம் இருந்தன. புதியதும் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் மரவெட்டிகளின் கதைப்பாடல்களை வாய்க்கு வாய் ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். ஏழு பிரதி என்பது எனக்கு ஒரு தொடக்கம்.

வெர்லா கதவின் மறுபுறத்திலிருந்து விசாரணையைத் தொடங்கினாள்.

“நார்ப், ஒரே பாட்டு ஏழு தட்டுல எதுக்கு?”

“ஒரே பாட்டு இல்ல. ஏழு பாடம்.”

“அப்படி என்ன வித்தியாசம்?”

“கனடா அச்சுல கைத்தட்டல் கொஞ்சம் முன்னாடி நிக்கும். ஹாலந்து அச்சுல பின்னாடி நிக்கும்.”

“நம்ம ஊர் அச்சுல?”

“நடுவுல.”

“கைத்தட்டல் நிக்கிறதுக்கு மூணு இடம் இருக்கு இந்த வீட்டுல. ஆறு பொம்பளைங்க உக்கார ஒரு இடம் இல்ல.”

இதற்கு ஆய்வுலகில் விடை கிடையாது.

அவள் குரல் திடீரென்று தேனானது. அப்போதே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். வேறுபாடு மெய்யாகவே இருக்குமானால் கண்ணைக் கட்டிவிட்டாலும் காது சொல்ல வேண்டுமல்லவா என்று கேட்டாள். மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, ஏழு தடவை முதல் பாட்டு ஒலிக்கும். ஒவ்வொரு தடவையும் எந்த அச்சு என்று நான் சொல்ல வேண்டும். எல்லாம் சரியென்றால் கீழறை என் ஆயுள் முழுவதும் எனக்கே. அவள் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். ஒன்று பிசகினாலும் அறை போல்காவுக்கு. நடுவராக அடுத்த தெரு க்ளென் ஸ்விடர்ஸ்கியை அழைக்கலாம் என்றும் அவளே சொன்னாள். க்ளென் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பவர் பாப்பில் என் காதுக்கு நிகரான காது ஊரில் அவருடையதுதான். நான் தாழைத் திறந்து ஒப்புக்கொண்டேன்.

என் திட்டம் இரும்புக்கோட்டை. கைத்தட்டலை நம்பி யார் வீட்டைப் பணயம் வைப்பார்? என் ஆறு பழந்தட்டுகளிலும் ஆறு வகைக் கீறல்கள் உண்டு. கனடாக்காரன் பாட்டு தொடங்குமுன் இருமுறை சொடுக்குவான். ஹாலந்துக்காரன் பக்கோடா பொரிவதுபோல் பொரிவான். சோதனை அச்சுக்கு விக்கல். புதியது மட்டும் நிசப்தம். அந்த மூன்று நாளும் கீழறையில் ஒரு பழைய சுழல்மேடையோடு அமர்ந்து அந்தக் கீறல்களையே மனப்பாடம் செய்தேன். பாட்டு தொடங்குமுன்பே விடை சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை மதிய உணவுக்குப் பின் க்ளென் வந்தார். ஒலிபெருக்கிகள் இருக்கும் முன்கூடத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. வெர்லா எங்கள் மாநிலக் கால்பந்து அணியின் பச்சை மஞ்சள் துண்டால் என் கண்ணைக் கட்டினாள். அவள் கையில் எலுமிச்சைச் சோப்பின் வாடை வீசியது. பிறகு இன்னொரு துண்டை எடுத்து நடுவரின் கண்ணையும் கட்டினாள். க்ளென் மெல்ல ஆட்சேபித்தார். நடுவர் முகம் பளிங்கு மாதிரி, பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்று வெர்லா நயமாகச் சொன்னாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதல் தடவை ஊசி இறங்கியது. நிசப்தம். பிறகு கிடார்.

“புதிய அச்சு,” என்றேன்.

“அதேதான்,” என்றார் க்ளென்.

இரண்டாம் தடவை ஊசி இறங்கியது. மீண்டும் நிசப்தம்.

சொடுக்கு எங்கே? விக்கல் எங்கே? கணத்தில் புரிந்தது. எலுமிச்சைச் சோப்பு. பழந்தட்டுகளை இவள் கழுவித் துடைத்துவைத்திருக்கிறாள். என் கோட்டை சோப்பு நுரையில் கரைந்துபோயிற்று. இனிப் படித்த படிப்புதான் துணை. காதைத் தீட்டினேன். தீட்டத் தீட்டக் கைத்தட்டல் இம்மியளவு முன்னால் வந்து நின்றது.

“கனடா,” என்றேன்.

“நானும் அதைத்தான் நினைச்சேன்,” என்றார் க்ளென்.

வெர்லா சன்னல் திரையை இழுக்கும் ஓசை கேட்டது.

மூன்றாம் தடவை பாட்டு சற்று உரத்து ஒலித்தது. ஹாலந்துக்காரர்கள் எதையும் உரத்தே அச்சிடுவார்கள். சொன்னேன். க்ளென் ஆமோதித்தார். நான்காவது அதைவிட உரத்தது. அதன் இரண்டாம் சரணத்தில்தான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. ஆழத்திலிருந்து, தாளத்தோடு சற்றும் பொருந்தாமல், ஒரு கனத்த ஓசை. தும். சற்றுப் பொறுத்து மறுபடி, தும்.

“க்ளென், கேட்டீங்களா?”

“கால். ட்ரம் வாசிக்கிறவன் காலை ஓங்கித் தரையில போடுறான்.”

“மத்த எந்தப் பிரதியிலயும் இது பதிவாகல.”

“புதுத்தட்டுக்குத் துடைச்சப்ப இதை அழிச்சிருக்காங்க, பாவிங்க.”

“அப்படின்னா இது சோதனை அச்சு.”

“சந்தேகமே இல்ல.”

ஐந்தாம் தடவையில் கால் ஓசையோடு நாற்காலி இழுபடும் ஓசையும் வந்தது. பதிவுக்கூடத்து நாற்காலி என்றார் க்ளென். அந்தக் காலத்து மர நாற்காலி, அடியில் ரப்பர் இல்லை என்றும் விளக்கினார். நான் அது முதல் அச்சு என்றேன். அவர் இரண்டாம் அச்சு என்றார். சொற்கள் தடித்தன. பேருந்து ஓட்டியவருக்கு எஞ்சின் ஓசைதான் பழக்கம் என்று நான் சொல்ல, புத்தகம் படித்துக் காது மந்தமானவர் ஊரில் பலருண்டு என்று அவர் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கிழவர்கள் எதிரெதிர் சுவரைப் பார்த்துச் சண்டையிட்டோம். வெர்லா தலையிட்டு எங்களைச் சமாதானப்படுத்தி ஊசியை இறக்கினாள்.

ஆறாவது தடவை வானொலிப் பிரதி என்பதில் எங்களுக்குள் பிணக்கில்லை. ஏழாவதில் பாட்டு முடியும் தறுவாயில் நீண்ட, துயரமான ஒரு மூச்சு எழுந்தது. பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து பெருமூச்சு விட்டதுபோல.

“ஆர்கன் வாசிக்கிறாங்க, நார்ப்,” என்றார் க்ளென். “இந்தப் பசங்க ஆர்கன் வெச்சிருக்காங்க. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியல.”

நான் துண்டை அவிழ்த்தேன். மீதமிருந்த அச்சின் பெயரைச் சொன்னேன். வெற்றி என்றேன்.

சுழலும் மேடையில் ஒரு தட்டு இருந்தது. அதன் உறை பக்கத்தில் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு தட்டு ஏதுமில்லை.

“மத்த ஆறும் எங்கே?”

“மேலே கொண்டுவரவே இல்லையே,” என்றாள் வெர்லா. “அந்தப் புதுசைத்தான் போட்டேன். ஏழு தடவையும்.”

“கழுவினியே?”

“சாப்பிட்ட தட்டைக் கழுவினேன்.”

ஆயினும் தர்க்கம் என்னைக் கைவிடவில்லை. அப்படியானால் நான் இரண்டாம் தடவையே தோற்றுவிட்டேனே, மேற்கொண்டு ஐந்து தடவை எதற்கு என்று கேட்டேன்.

“அப்பத்தான் திரையை இழுத்து அவங்களுக்குச் சைகை காட்டினேன். அலமாரிங்க கனம், நார்ப். அவங்களுக்கும் நேரம் வேணும்ல.”

கீழறைக்கு ஓடினேன். இசைத்தட்டுகள் அலமாரிகளோடு கார் கொட்டகைக்குப் போயிருந்தன. மர நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஐந்து பெண்மணிகள் கன்னம் சிவக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி, சற்று முன் அக்கார்டியனைக் கீழே வைக்கையில் அது தானாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டது, மேலே தொந்தரவாக இருந்ததா என்று அன்போடு வினவினாள். இல்லை, நன்றாக இருந்தது என்றேன். அது உண்மை.

அந்த வார நடுவில் க்ளென் தொலைபேசியில் கூப்பிட்டார். எப்படி வந்தாலென்ன, ஒலித்தது ஒலித்ததுதான். ஒரே ஒரு தடவை ஒலித்த பாடம் என்பதால் அதற்கு மதிப்பு கூடுதலே தவிரக் குறையாது என்றார். அந்தக் காலும் ஆர்கனும் காதை விட்டுப் போகவில்லையாம். இன்னொரு தடவை கேட்க வழியுண்டா என்றார். கோட்பாட்டளவில் அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. வெர்லாவைக் கேட்க வேண்டும் என்று தொலைபேசியை அவளிடம் நீட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“தாராளமா கேக்கலாம், க்ளென். சனிக்கிழமை வந்துடுங்க, உங்க துண்டை எடுத்து வெக்கிறேன். அன்னிக்குத்தான் நார்ப்போட படிப்பறையைக் காலி பண்றோம்.”