இடப்பக்கம் திரும்பிய பிடி

பீர் காய்ச்சும் கெட்டிலில் அண்ணன் முறுக்கிய வால்வில் இனி எவன் ஸ்பேனரும் படக்கூடாது என்று வெர்லின் சபதம் எடுத்தபோது, நாலாவது தடவையாகப் பீர் புளித்திருந்தது.

அமெரிக்காவின் மில்வாக்கியில் பரம்பரையாக நிலவறையில் பீர் காய்ச்சும் குடும்பம். புளித்தது வெளியே தெரிந்தால் மானம் போகும். அதைவிடப் பெரிய வேதனை ஒன்றும் இருந்தது. அக்டோபரில் அண்ணன் ஹார்லன் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி வெர்லின் கையைப் பிடித்து, "என் நினைவு விருந்துல கடைப் பீரை ஊத்திடாதேடா" என்றான். அப்புறம் அவன் பேசவே இல்லை. விருந்துக்கு இன்னும் ஆறு வாரம்தான்.

"வால்வைக் கழட்டு, வெர்லின்," என்றாள் மனைவி மார்லிஸ். "அழுக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

"அது ஹார்லன் முறுக்கின முறுக்கு."

"மூணு துண்டாப் பிரியற வால்வாத் தேடிப் பிடிச்சு மாட்டினதும் அவன்தானே? எதுக்கு? கழட்டிக் கழுவத்தானே?"

"கிருமிநாசினிய உள்ள ஓட விட்டாப் போதும்."

"சட்டையோட குளிச்சா முதுகு அழுக்குப் போயிடுமா? சரி, புதுசா ஒண்ணு வாங்கு. எவர்சில்வர்ல."

"எட்டு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள தூக்கி எறியச் சொல்றியா?"

"நான் வால்வைச் சொன்னேன்."

வெர்லின் கழட்டுகிறேன் என்று தலையாட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கினான். கெட்டிலில் கிருமிநாசினியை ஊற்றினான். அது வால்வு வழியாக வடிந்து முடியும்வரை எதிரே உட்கார்ந்து அழுதான். பிறகு மேலே வந்தான்.

"கழட்டினியா?"

"கழட்டினேன்."

"உள்ள எத்தனை வாஷர்?"

"இருக்க வேண்டியது இருந்துச்சு."

மார்லிஸ் அவன் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கப் போனவன் திடுக்கிட்டு நின்றான். பத்து வருஷமாக வலப்பக்கம் நின்ற வால்வுப் பிடி, இடப்பக்கம் நின்றது. ஹார்லன் இடக்கைக்காரன். கெட்டிலில் ஆவி எழும்பியபோது வெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

அந்தப் பீரில் துளிப் புளிப்பில்லை.

சர்ச் கூடத்து விருந்தில் குவளையைத் தூக்கிப் பிடித்து, பிடி திரும்பிய கதையைச் சொன்னான். கூடமே கண் கலங்கியது. பாதிரியார் மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு குவளை வாங்கிக்கொண்டார். மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெர்லினுக்கு இப்போது உண்மை பேசும் தைரியம் வந்திருந்தது.

"உங்கிட்ட பொய் சொன்னேன், மார்லிஸ். நான் அதைக் கழட்டவே இல்லை. எல்லாம் ஆவி பண்ணின வேலை."

"ஆவிதான், யார் இல்லைன்னா?" என்று அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "உள்ள இருந்த கறுப்புப் பிசுக்குப் போக வெள்ளிக்கிழமை வால்வைக் கழட்டி அரை மணி நேரம் ஆவியில வேகவெச்சேன். திரும்பப் பூட்டறப்பதான் இடம் வலம் மாறிடுச்சு."