கல் இடுப்பில், கத்தி கழுத்தில்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அத்தானும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அந்த ‘எல்லோரும்’ என்பதில் நான் சேர்த்தி இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் தைரியசாலி மாதிரி நடிக்க வேண்டும், அதற்குத் தெம்பில்லாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாவது தடவையாகச் சிறுநீரகக் கல் வந்தது உனக்குத் தெரியும். நீ சொன்னபடி தக்காளியை விட்டேன். அத்தான் சொன்னபடி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். ஒருநாள் பேருந்து நிலைய மைக்கில் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றதோடு பாத்ரூமுக்கு ஓட்டம். ஜனங்கள் கனிவாகக் கவனித்தபடியே நின்றார்களாம். அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளா ஒரே அசதி, மறதி. போன மாசம் நாலாம் நடைமேடை வண்டியை ஏழுன்னு சொல்லி, ஒரு கல்யாண கோஷ்டி மொத்தமும் வேற ஊர்ல போய் இறங்கி, மாப்பிள்ளையோட மாமா என்னைத் தேடிக்கிட்டே வந்து... அதை விடு.

இந்தத் தடவை புது டாக்டரம்மா. வலி இடுப்புல, அவங்க கழுத்தைத் தடவிப் பார்க்கிறாங்க. “கல்லு கீழ இருக்கும்மா”ன்னேன். “கல்லு கீழதான், காரணம் மேல இருக்கலாம்”னாங்க. ரத்தத்துல கால்சியம் ஜாஸ்தியாம். தைராய்டுக்குப் பின்னால அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்காம், பாராதைராய்டுன்னு பேரு. கால்சியத்தை அளவா வெச்சுக்கிறதுதான் அதுங்க வேலை. எனக்கு அதுல ஒண்ணு அவரைக்கொட்டை அளவுக்கு வீங்கி, யாரும் கேக்காமலே ஓவர்டைம் பார்த்து, எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவி ரத்தத்துல விடுதாம். சிறுநீரகத்துக்கு வர்ற அந்த மிச்சம்தான் கல்லாயிடுது. அசதிக்கும் மறதிக்கும்கூட அதுவே காரணமா இருக்கலாமாம். இத்தனை நாளா தக்காளி மேல பழி போட்டிருக்கோம்!

அந்த ஒண்ணை எடுத்துட்டா போதும்னாங்க. ஆனா பக்கத்துலயே குரல் நரம்பு ஓடுது. அதுல அடிபடுறது ரொம்ப அபூர்வமாம். கல்லு வர்றவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் இந்தச் சுரப்பி காரணமாம். அந்தக் கொஞ்சத்துலயே போய் நின்னவன், இந்த அபூர்வத்துலயும் நிக்க மாட்டேனா? குரல் போனா அறிவிப்பாளனுக்கு என்ன மிச்சம்? ஆகையால் ஆபரேஷன் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். கல் வரட்டும், கத்துவதற்காவது குரல் இருக்கும். யார் சொன்னாலும் மாற மாட்டேன். வீட்டில் இவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள்.

என்றும் உன் பிரியமுள்ள
தம்பி

பி.கு.: எழுதும்போதே வாய்விட்டுப் படிப்பது என் தொழில் வியாதி. அடுப்படியில் இருந்தவளுக்கு முழுக் கடிதமும் ஒலிபரப்பாகிவிட்டது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்க குரலுக்காகவா கட்டிக்கிட்டேன்? நீங்க பேசாம இருந்தா எனக்கு நிம்மதிதான். வலியில சுருண்டு கிடக்கிறதைத்தான் பார்க்க முடியல.” கடிதத்தைத் தபாலில் போடாமல் மடித்து வைத்துவிட்டு, டாக்டரம்மாவிடம் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கப் போனேன்.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் நர்ஸ், “ஏதாவது பேசுங்க” என்றாள். வாழ்க்கை முழுக்க எழுதிக் கொடுத்ததைப் படித்தவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இவளைக் கூப்பிட்டேன். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது.

“என்னங்க?” என்று திரும்பினாள்.

கேட்டுவிட்டது, அக்கா.