மிச்சம் சொல்லாமல் விட்டது

எடப்பாடிப் பக்கம் ஆட்களைச் சம்மதிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. தரகர்கள், கட்சிக்காரர்கள், மாமியார்கள். ஆனால் பேச்சைப் பாதியில் நிறுத்தியே ஊரைத் தலையாட்ட வைத்தவர் ஒருவர்தான். எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவருக்குப் பெயர் மிச்சம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒல்லியான ஆள். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணை இமைப்பதில் கொஞ்சம் சிக்கனம். அவரும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

தறிக்காரர் யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் மிச்சம் குரலைத் தணித்துக்கொண்டே போவார். கேட்பவர் முன்னால் குனிவார். இவர் இன்னும் தணிப்பார். ஆள் நாற்காலி நுனிக்கு வந்ததும், "நீங்க பாட்டுக்குத் தறி ஓட்டிக்கிட்டு இருக்கறீங்க, ஒருநா திடீர்னு..." என்று நிறுத்திவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார். பக்கத்துச் சந்தில் நாள் முழுக்கக் கடகடக்கிற தறிகள்கூட அந்த நேரம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். வந்தவர் மெல்லத் திரும்பிப் பார்ப்பார். பின்னால் தண்ணீர் கேன்தான் இருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நானோ வாய் ஓயாமல் பேசுகிறவள். நான் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் செல்போனை எடுப்பார். ஒருவர் குறட்டையே விட்டார்.

"அம்மிணி, நீங்க பூராத்தையும் சொல்லிப்போடறீங்க. கேக்கறவங்களுக்குன்னு கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க" என்றார் அவர்.

"வெச்சா?"

"அத அவுங்களே சொல்லிக்குவாங்க. நாம சொன்னா சந்தேகம் வரும். அவுங்களே சொல்லிக்கிட்டா..."

நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வித்தை தெரிந்திருந்தும் நான் திரும்பிப் பார்த்தேன். அசட்டுத்தனம்தான்.

ஒருநாள் தறிக்காரர் ஒருவர் மிச்சத்திடம் வந்து, "நேத்து சாயங்காலம் ஊட்டுக்கு வந்து மிச்சத்தையும் சொல்லிப்போட்டுப் போனீங்களே, அதானுங்க, பாலிசி போட்டரலாம்னு வந்துட்டேன்" என்றார். முந்தின நாள் சாயங்காலம் மிச்சம் எங்களோடு டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். அடுத்தாற்போல ஓர் அம்மா வந்து அதையே சொன்னார். தன் வீட்டு வாசலில் தென்னை மரத்தடியில் நின்று மிச்சம் பேசினாராம். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லையாம். இந்தத் தடவை சிரிப்பு குறைந்துவிட்டது.

மேனேஜருக்கு மட்டும் ஏகச் சந்தோஷம். "ஆளு ரெண்டு எடத்துல வேல செஞ்சா நமக்கென்னய்யா, சம்பளம் ஒண்ணுதானே?"

மிச்சம் அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, நான் என்னன்னு சொன்னேனுங்க?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னீங்களே சாமி."

அன்றைக்கு அவர் டீகூடக் குடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தார். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, வேலையைப் பிடித்திருந்தது. இதைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பேசி முடித்ததும் அம்மா, "குக்கர் விசில் அடிச்சுதா?" என்று கேட்பார்.

எங்கள் வழக்கப்படி, நிச்சயத்துக்கு முன்னால் குலதெய்வத்திடம் உத்தரவு கேட்க வேண்டும். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமிக்குச் சம்மதம். அப்புறம் தடுக்க ஆளில்லை. ஜேடர்பாளையம் அணைப் பக்கம் ஆற்றோரக் கோயிலில் கூடினோம். கறிச்சோற்றுக்காக ஆபீஸே வந்திருந்தது, மிச்சமும் வந்திருந்தார்.

கிடா அசையவில்லை. "உத்தரவு குடு தாயி" என்று கெஞ்சினார்கள். சித்தப்பா யாருக்கும் தெரியாமல் அதன் காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ம்ஹூம். வெயில் ஏறியது. மாப்பிள்ளையின் அப்பா முகம் மாறியது. சித்தப்பா மிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, நீ ஆரையும் தலையாட்ட வெச்சுப்போடுவியாமே? இதுகிட்டயும் ரெண்டு வார்த்த பேசிப்பாரேன்."

மிச்சம் மண்டி போட்டு, கிடாயின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பாதியில் நிறுத்தினார். கிடா தலையைத் தூக்கி எனக்குப் பின்னால் பார்த்தது. அவரும் பார்த்தார். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அணையில் விழுகிற தண்ணீரின் சத்தம் நின்றுபோனது. என் பிடரியில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் ஒன்று. அத்தனை பேர் அப்படி வாயடைத்து என் முகத்தைப் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா. வேலைய உடமாட்டேன்."

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கிடா தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. மஞ்சள் தண்ணீர் மாப்பிள்ளை வீட்டார் வேட்டியெல்லாம் தெறித்தது.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்றார் சித்தப்பா. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள சொன்னதுக்குத்தான்" என்றார்.

கல்யாணம் நின்றது. கறிச்சோறு நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கை கழுவுகிற இடத்தில் மிச்சத்தைப் பிடித்தேன். "கெடா காதுல என்ன சொன்னீங்க?"

"அம்மிணி மனசுல என்ன இருக்குதுன்னா... அவ்வளவுதானுங்க."

"எனக்குப் பின்னால ஆரப் பாத்தீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "நானாப் பாக்கலீங்க. கெடா பாத்துச்சேன்னு பாத்தேன். அங்க நாந்தானுங்க நின்னுக்கிட்டு இருந்தேன். சிரிச்சுக்கிட்டு."

கொஞ்ச நாளில் அவரைப் பள்ளிபாளையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "அம்மிணி, ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்க. நீங்க இல்லாத ஆபீசுல எனக்கு..." என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

பஸ் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்தும் வேலை ஓடவில்லை.

சாயங்காலம், பஸ் பள்ளிபாளையம் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில், எங்கள் வாசல் தென்னை மரத்தடியில், கழுத்துப் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை தெரிந்தது. எனக்குப் பயமாகவே இல்லை, சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.