தம்பக்வூலு அலுவலகத்தின் டிஸ்க் திறப்பு விழா

மனித குலம் எத்தனையோ பொருள்களை விழா எடுத்துத் திறந்துவைத்திருக்கிறது: பாலம், பள்ளிக்கூடம், கழிப்பறை. ஆனால் உள்ளங்கை அளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு ரிப்பன் கட்டிய பெருமை, இந்தோனேசியாவின் ஜாவாக் கடற்கரையில் உள்ள தம்பக்வூலு கிராம அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பெருமையை யாரும் பறித்துக்கொள்ள முடியாது. பறிக்க யாரும் முயலவும் இல்லை.

முதலில் அலுவலகக் கணினியிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் காபி குடித்துத் திரும்பலாம். சில கோப்புகள் திறக்கவே மறுத்தன. ஒப்பந்த ஊழியர் வெனிங் பழுது பார்ப்பவனுக்குப் போன் போட்டாள். கடலோர வீடுகளின் அளவுகளும் படங்களும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று நாடா பிடித்து அவளே அளந்தவை. அந்த அளவு இருந்தால்தான் கடல் கொண்டுபோன வீட்டுக்கு மேட்டில் மாற்று மனை. அளந்த வீடுகளில் பாதி அதற்குள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. மறுபடி அளக்க அங்கே சுவர் இல்லை.

கணினி பழுது பார்ப்பவன் போனிலேயே சொல்லிவிட்டான்: "அக்கா, அது சாகப்போகுது. முக்கியமானதை உடனே வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு, அதை அணைச்சுப் போடுங்க."

வெனிங், அலுவலகத் தலைவர் ஹர்தியோவிடம் ஓடினாள்.

"சத்தம் போடுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா," என்றார் அவர். "நம்ம ஆபீஸ்ல சத்தமே போடாம எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, பாரு!"

ஆனாலும் அவர் பொறுப்புள்ள நிர்வாகி. உடனே 'டிஸ்க் நலன் காக்கும் குழு' அமைந்தது. குழுவுக்கு ஒரே மாதிரி பாத்திக் சட்டை, வாசலில் பேனர், கூட்டத்துக்குக் கூட்டம் ஆளுக்கொரு பலகாரப் பெட்டி. நடந்ததற்குப் படம்தான் சாட்சி என்பதால், செயலாளர் இபு ரெத்னோ (அந்த ஊரில் அம்மாவுக்கு 'இபு', ஐயாவுக்கு 'பாக்') ஒவ்வொரு கூட்டத்தின் படங்களையும் அக்கறையாகக் கணினியில் ஏற்றினார். அந்த டிஸ்க்கிலேயே.

"இபு, அதுலயே ஏத்துறீங்களே!" என்று வெனிங் பதறினாள்.

"அதைக் காப்பாத்தத்தானே கூட்டம் போடுறோம்? அந்தப் படம் அதுல இல்லைன்னா மரியாதையா இருக்குமா?"

ஒருவழியாகப் புது டிஸ்க் வந்து சேர்ந்தது. வெனிங் ஆசையாகக் கையை நீட்டினாள். ரெத்னோ அந்தக் கையைத் தட்டிவிட்டார். மாவட்டத்து மேலதிகாரி வந்து ரிப்பன் வெட்டும்வரை யாரும் அதைத் தொடக்கூடாதாம்.

"பாக், இப்பவே நகல் எடுத்துட்டு, பழையபடி பெட்டியில வச்சு நானே ரிப்பன் கட்டிடறேன். யாருக்கும் தெரியாது," என்று ஹர்தியோவிடம் கெஞ்சினாள்.

"ஏற்கெனவே ஓடின பொருளையா அவரைத் திறக்கச் சொல்றது? தெரிஞ்சா என் மூஞ்சியை எங்க வச்சுக்குவேன்?"

"என் பென்டிரைவ்லயாவது எடுத்து வைக்கிறேனே."

"அரசாங்கத் தரவு தனியார் கையிலயா! உன் ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. வெனிங்குக்கு உடனே சட்டத்தின்மேல் பக்தி பெருகியது; வாயை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் கோபம் பற்றிக்கொண்டு வந்தது என்னவோ உண்மைதான்.

மேலதிகாரிக்கு முதல் வாரம் மச்சினிச்சி கல்யாணம், அடுத்த வாரம் பூப்பந்துப் போட்டி. 'டிக்' சத்தமோ வளர்ந்துகொண்டே போனது. அலுவலகம் அதற்கும் தீர்வு கண்டது: டாங்டுட் என்னும் அந்த ஊர்க் குத்துப் பாட்டை உரக்க வைத்தார்கள்.

விழா நாளும் வந்தது. விழா வழக்கப்படி கூம்பாக மஞ்சள் சோறு குவித்திருந்தார்கள். கைதட்டுவதற்காகக் கடலோரத்து மக்களையும் அழைத்திருந்தார்கள். மேலதிகாரி ரிப்பனை வெட்டினார். அடுத்து குழுவின் சாதனைகளைத் திரையில் காட்டினார்கள். படங்கள் பழைய டிஸ்க்கிலிருந்துதான் ஓடின. ஹர்தியோ பலகாரப் பெட்டி வாங்கும் படத்தில் ஒரு நீண்ட 'கிர்ர்ர்' கேட்டது. திரை கறுத்தது. படம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

வெனிங் கணினியிடம் ஓடினாள். அணைத்துப் போட்டாள், மறுபடி போட்டாள். டிஸ்க் இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை. "போச்சு, பாக். எல்லாம் போச்சு," என்றாள்.

ஹர்தியோ மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா? புது டிஸ்க் எவ்வளவு அவசியம்னு நாங்க முன்கூட்டியே கண்டுபிடிச்சோம்!"

மேலதிகாரி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கூட்டத்திலிருந்து கருவாடு விற்கும் கர்சினா எழுந்தாள். "அப்ப என் வீட்டு அளவு?"

"மறுபடி அளந்துடலாம், இபு."

"எதை அளப்பீங்க?"

"தண்ணி வடிஞ்சதும்..." என்று இழுத்தார் ஹர்தியோ.

கர்சினா முன்னால் வந்து, விழாவில் தனக்குக் கொடுத்த பலகாரப் பெட்டியை அவர் கையில் திணித்தாள். "கடல் என் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தின்னுச்சு, பாக். மேட்டுல ஒரு மனை கிடைக்கும்ங்கிற நம்பிக்கையை அது தொடலை. அதை நீங்க ஒரு கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தே கொன்னுட்டீங்க."

அந்த நொடியில் கேமரா பளிச்சிட்டது. புது டிஸ்க்கில் ஏறிய முதல் படம் அதுதான். ஹர்தியோ சொல்லச் சொல்ல, வெனிங் அதற்குக் கீழே தட்டச்சு செய்தாள்: 'தலைவருக்குப் பயனாளி நன்றி தெரிவிக்கிறார்.'