முருகையனின் முக்காடு

"மழை வெயில்னு வயல்ல கெடந்தவன் மூஞ்சியாய்யா இது?" என்று கேட்டார் தாசில்தார்.

முருகையன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். பரு வந்து போன சுவடே இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு அது பெருமைதான். ஆனால் குத்தகைக்காரன் பேரைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்திருக்கும் நேரத்தில், வாய்க்கால் கரையில் விசாரணைக்கு நிற்கிறவனுக்கு அப்படி ஒரு முகம் வாய்த்திருக்கக் கூடாது. அப்பா சாகும்வரை உழுத நிலம். ரசீது, சீட்டு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. இன்றைக்குப் பேர் ஏறாவிட்டால் நாளைக்கு வயலில் கால் வைக்க முடியாது.

எல்லாம் கம்பவுண்டர் அப்துல் மஜீது பேச்சைக் கேட்டதால் வந்த வினை. "பருவைக் கிள்ளாதே. எலுமிச்சம்பழம் தேய்க்காதே. முக்கியமா வெயில் பட விடாதே, பட்டா கறுப்பா நின்னுடும். இனிப்பையும் கொறைச்சுக்க" என்றிருந்தார்.

தையில் கல்யாணம். பயந்துபோன முருகையன், நடவு முடிந்ததிலிருந்து அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய முக்காடு போட்டுத்தான் களை பறித்தான், தண்ணீர் கட்டினான். ஊர் சிரிக்குமே என்று வெளியே மூச்சு விடவில்லை. இனிப்பைத்தான் விட முடியவில்லை. தினமும் வரப்பில் வாழையிலைப் பொட்டலத்தில் அசோகா அல்வா இருக்கும். பக்கத்து ஊர் அம்சவல்லி, அவனுக்கு நிச்சயமானவள், முக்காட்டுக்குள் இருப்பது அவன்தான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு யாரிடமோ கொடுத்தனுப்புகிறாள் என்று நினைத்து, வெட்கத்தோடு வழித்துத் தின்பான்.

தலையாரி இராஜாங்கம் சாட்சி சொன்னார். "ஆம்பளை யாரையும் பாக்கலீங்க. முக்காடு போட்ட ஒரு பொம்பளைதான் தினமும் நிக்கும்."

நிலத்துக்காரர் நாகநாதன் விடுவாரா? "நம்ம கூலியாளுங்க. பேரு காத்தாயி. நாந்தான் கூலி குடுத்து வச்சிருக்கேன். இது என் சொந்தச் சாகுபடிங்க."

"அது நான்தாங்க" என்றான் முருகையன்.

"எதுக்குய்யா சேலை?"

"பரு கறுத்துடும்னு..."

தாசில்தாரின் டவாலிச் சேவகன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

அம்மா தங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, "அது என் சேலைதாங்க. சத்தியமா சொல்றேன்" என்றாள்.

"உன் சேலைன்னா, வயல்ல நின்னதும் நீதானாம்மா?"

தங்கம்மாள் பின்னால் நகர்ந்துகொண்டாள். உதவ வந்து கெடுத்தாயிற்று.

முருகையன் வீட்டுக்கு ஓடினான். சேலையோடு திரும்பி வந்து, அதைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு வயலில் இறங்கினான். "பாருங்கய்யா, இப்படித்தான் நின்னேன்."

"சேலையை எவன் சுத்துனாலும் பொம்பளையாத்தான் தெரிவான்" என்று பேனா மூடியைத் திருகினார் தாசில்தார்.

"காத்தாயி இதை விட ஒல்லிங்க" என்றார் நாகநாதன். "தினம் பாக்குற ஆளு, எனக்குத் தெரியாதா?"

தாசில்தார் எழுத ஆரம்பித்தார். முக்காட்டுக்குள் முருகையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பருவுக்காக அப்பன் நிலத்தைத் தொலைத்த மடையன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து எதிர் வரப்பில் நாகநாதன் வீட்டு வேலைக்காரன் ஐயாவு வந்தான். கூட்டம் நின்ற இடத்தை மூங்கில் புதர் மறைத்திருந்தது. அவன் கண்ணில் பட்டது முக்காடு மட்டும்தான். கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"யோவ், நில்லு. என்ன அது?" என்று தாசில்தார் புதரைத் தாண்டி வந்தார்.

பின்னால் நின்ற நாகநாதன் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், தலையைக்கூட ஆட்டினார். வேலைக்காரனுக்குப் புரியவில்லை. தோள் துண்டை எடுத்துப் பணிவாக இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அசோகாங்க. அந்தப் பொண்ணு யாரு எவருன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்ற வரைக்கும் தினம் வைக்கச் சொல்லி எங்க ஐயா உத்தரவுங்க."